தையல் வீட்டின் மேல் ஒரு புகார்

"புகார் கொடுக்கிற ஆள் மட்டும் என் கையில சிக்கட்டும், காதை நறுக்கிடறேன்!" கத்தரிக்கோலும் கையுமாகத்தான் கதவைத் திறந்தாள் தையல்காரி.

வாசலில் நின்ற நகரமைப்பு ஆய்வாளர் இரண்டடி பின்வாங்கினார். எந்நேரமும் அளவு டேப்போடு அலைவதால் தெருவுக்கே அவர் 'டேப் சார்'. கல்யாணமாகாதவர், பயந்த சுபாவம் வேறு.

"நான் என்னங்க பண்றது? இது குடியிருப்பு மண்டலம். இங்க கடை நடக்குதுன்னு ஆபீசுக்குப் போன் வந்தா, வந்து பார்த்தே ஆகணும். போன் வராம உங்க வாசப்படி மிதிக்கவும் சட்டத்துல இடமில்ல."

"வாராவாரம் இதே பாட்டு! சரி, உள்ள வந்து அளந்து தொலைங்க. டீ ஆறுது பாருங்க."

மேசையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. டேப் சார் ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். அவள் சிரித்த சிரிப்பில் டேப்பின் மறுமுனையை எங்கே வைத்தோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

வீட்டோடு தைக்கலாம், ஆனால் தையல் அறை வீட்டில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது. போகவில்லை. வேலைக்கு வெளியாள் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. வழக்கம்போல ஒரு குற்றமும் இல்லை.

கிளம்ப வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு ஒரு சேதி சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் அவள் பிழைப்புக்கு விடிவு, தன் ஆசையில் மண். மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

"ஒரு நல்ல விஷயம். ஊருக்குப் புது மாஸ்டர் பிளான் போட்டாங்கல்ல? ஆட்சேபணை கேட்டு, கூட்டம் நடத்தி, நேத்து பாஸ் ஆயிடுச்சு. உங்க தெரு இப்போ கலப்பு மண்டலம். தாராளமா கடை போடலாம். போர்டு மாட்டுங்க, பத்து மெஷின் இறக்குங்க, ஒருத்தரும் கேட்க முடியாது!"

துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தார். அவள் முகமோ தொங்கிப்போயிற்று.

"அப்போ இனிமே புகார்னு போன் வந்தா?"

"செல்லாதுங்க. நானும் வரமாட்டேன்." அவர் டேப்பைச் சுருட்டினார், அது இரண்டு தடவை கை நழுவிக் கீழே விழுந்தது.

அவள் கத்தரிக்கோலை மேசையில் டமாரென்று போட்டாள்.

"நல்லா இருக்கு சார் உங்க சட்டம்! இனிமே நான் என்னன்னு சொல்லிப் போன் பண்றதாம்?"