தையல் கடைச் சுவர்

தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தோளில் கேமரா என்று வெளியூர்க்காரர் வேஷத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார் நகராட்சி அதிகாரி.

கடைத்தெருவின் சுவரோவியங்களைச் சுற்றிக் காட்டும் கைடு பெண்மீது புகாருக்கு மேல் புகார். கடைசிச் சுவரில் ஆட்களை நிற்க வைத்து அறு அறு என்று அறுக்கிறாளாம். அவள் பேசி முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறதாம். புகார் உண்மையென்றால் இந்தச் சுற்றுலாவையே இன்றோடு இழுத்து மூடிவிடும் முடிவோடுதான் வந்திருந்தார்.

முதல் சுவரிலேயே அவருக்குத் தலை சுற்றியது.

சுவரில் பேக்கரிக்காரர் குண்டாக, கையில் ரொட்டியோடு நின்றார். சுவருக்குக் கீழே அதே பேக்கரிக்காரர் அதே ரொட்டியோடு நின்றார்.

"படத்துல இருக்கறவங்க எல்லாரும் இந்தத் தெருக்காரங்கதான். நேர்ல பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கலாம்!" என்றாள் கைடு.

அதிகாரி பக்கத்தில் போய் நின்றார். பேக்கரிக்காரரின் தொப்பை நழுவித் தொடைக்கு இறங்கியது.

"தலையணை சார்," என்று அவர் காதோடு சொன்னார். "டாக்டர் திட்டினாருன்னு உடம்பைக் குறைச்சுட்டேன். படம் மாதிரி இல்லைன்னா ஜனங்க கோவிச்சுக்கறாங்க."

அடுத்த சுவரில் பழக்கடைக்காரம்மா இடுப்பில் ஆட்டுக்குட்டியோடு இருந்தாள். நேரிலும் அப்படியே.

"அதே குட்டியாம்மா?"

"அது வளந்து கிடாவாகி வர்றவங்களை எல்லாம் முட்டுது. இது இரவல் குட்டி."

சலூன்காரர் கதை இன்னும் பரிதாபம். ஓவியரிடம் கறுப்புப் பெயிண்ட் தீர்ந்துபோனதால் படத்தில் அவருக்குப் பாதி மீசைதான். பாவம், மனிதர் அன்றிலிருந்து பாதி மீசையோடுதான் திரிகிறார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

கடைசியாக வந்தது தையல் கடைச் சுவர். புருஷனும் பெண்டாட்டியும் தலையோடு தலை முட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிற படம்.

கைடு கைதட்டினாள். ஒரு கதவிலிருந்து தையல்காரரும் இன்னொரு கதவிலிருந்து அவர் மனைவியும் வந்தார்கள். தலையோடு தலை முட்டினார்கள். சிரித்தார்கள்.

"காலை மிதிக்கறீங்க," என்றாள் அந்த அம்மாள், காட்டிய பல்லை மூடாமல்.

"நீ தள்ளி நில்லு," என்றார் அவர், சிரிப்பு மாறாமல்.

"மாத்திரை போட்டீங்களா?"

"மறந்துட்டேன்."

"மறப்பீங்க. சிரிங்க, படம் எடுக்கறாங்க."

கைடு ஆரம்பித்தாள். படத்திலுள்ள சட்டைக்கு எத்தனை பட்டன், நூல்கண்டு ஏன் பச்சை, ஊசியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொன்னதையே திரும்பச் சொன்னாள். ஒருவர் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். பஸ் ஹாரன் அடித்தது. அவள் காதிலேயே வாங்கவில்லை. தம்பதி சிரித்தபடியே நின்றார்கள்.

ஒருவழியாக முடித்துக் கூட்டத்தை அழைத்துக்கொண்டு அவள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். அதிகாரி தொப்பியைக் கழற்றினார்.

"நான் நகராட்சியிலேருந்து வர்றேன். இந்தச் சுற்றுலாவையே மூடிடலாம்னு இருக்கேன். என்ன கூத்து இது? வியாபாரத்தை விட்டுட்டு தினமும் இப்படி இளிச்சுக்கிட்டு நிக்கணுமா நீங்க?"

தையல்காரர் முகம் செத்துப்போனது. "மூடிடாதீங்க சார். அந்தக் கைடு எங்க பொண்ணு."

"நாங்க நிக்கலைன்னா கூட்டம் வராது. கூட்டம் வரலைன்னா அவ வேலை போயிடும்," என்றாள் அந்த அம்மாள். "இல்லைன்னா இந்த மனுஷன் பக்கத்துல நான் எதுக்கு சார் நிக்கப்போறேன்? நாங்க பேச்சை நிறுத்தி மூணு வருஷமாச்சு."

"அப்படி என்ன சண்டை?"

அவள் சுவரைக் காட்டினாள். "என் மூக்கு நெஜமாவே இவ்வளவு பெருசான்னு இவரைக் கேட்டேன். ஓவியர் கொஞ்சம் குறைச்சுத்தான் போட்டிருக்கார்னு சொன்னாரு."

"கேட்டா, சொன்னேன்," என்றார் தையல்காரர், சுவரைப் பார்த்து.

இருவரும் ஆளுக்கொரு கதவில் நுழைந்து சாத்திக்கொண்டார்கள்.

அதிகாரிக்கு மனசு இளகிவிட்டது. மகளுக்காக இப்படியும் ஒரு தண்டனையா? யோசித்தார். நல்ல வழி ஒன்று தோன்றியது. அவருக்கே தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

மூச்சிரைக்கத் திரும்பி வந்த பெண்ணிடம், "பயப்படாதேம்மா. உன் வேலை போகாது. நகராட்சி நூலகத்துல ஒரு இடம் காலியா இருக்கு, அதை உனக்குப் போட்டுடறேன். நாளையிலேருந்து இந்தச் சுத்தல் கிடையாது. உன் அப்பா அம்மாவுக்கும் விடுதலை. சந்தோஷம்தானே?" என்றார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகாரி அதை நன்றி என்றே நினைத்தார்.

"ஐயோ, வேணாம் சார். இதைவிட நல்ல வேலை வெளியூர்ல ரெண்டு தடவை கெடச்சுது. நான்தான் போகலை."

"ஏம்மா?"

"அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கறது, நான் இந்தச் சுவத்துகிட்ட பேசி முடிக்கற வரைக்கும்தான் சார்."