த்ரீ பேஸ் வந்த நேரத்தில்

த்ரீ பேஸ் கரண்டு வந்து எவ்வளவு நேரமாச்சு! கழனிப் பக்கம் ஒரு மோட்டார் சத்தம் இல்லை. அம்சவேணிக்கு வயிறு எரிந்தது.

புருஷன் முனிகிருஷ்ணன் வாசல் புளியமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தார். கூடவே பக்கத்துக் கழனி ரங்கையாவும் எதிர்க் கழனி மோகன்ராஜும்.

"ஏன்யா, வேர்க்கடலை வாடிக்கினு கீது. கரண்டு எப்பப் போவுமோ! மோட்டாரு போடாம இங்க இன்னா கொலுவிருக்கிறீங்க?"

"ஒரே ஒரு ஆட்டம், வேணி."

"நாசமாப் போன ஆட்டம்! உம்பொண்ணு காலையிலருந்து ஒரு இட்லிகூடத் துன்னாம மிஷினு முன்னாடி குந்திக்கினு கீறா. உனக்கு வெக்கமாயில்ல?"

மனுஷன் சீட்டிலிருந்து தலையைத் தூக்கினால்தானே!

பொருமிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். மகள் ஷோபா திருப்பதியில் ஆராய்ச்சிப் படிப்பு. லீவுக்கு வரதய்யபாளையம் வந்தவள் கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"அதுக்கு அப்படி இன்னாதான்டி கத்துக்குடுக்கிற?"

"இது நியூரல் நெட்வொர்க்மா. ஒரு பொருள் நேரத்துக்கு நேரம் எப்படி மாறுதுன்னு வகைக்கெழுச் சமன்பாட்டை வெச்சுக் கத்துக்கும். அது கத்துக்குற பாதை மலை ரோடு மாதிரி கண்டபடி வளைஞ்சு போவும். வளைவு கூடுனா கம்ப்யூட்டரு பொடி அடியா வெச்சு ஊரும், நாள்கணக்காவும். ரோட்டையே நேராப் போடுன்னு நான் சேத்துக் கத்துக்குடுக்கிறேன். மத்தியானமே முடிஞ்சுடும்!"

"அப்புறம் ஏன்டி மூஞ்சி இப்படிக் கீது?"

"ஒரே ஓட்டமா ஓடணும்மா. நடுவுல நின்னா நேரக்கணக்கு செல்லாது. நேத்தெல்லாம் ஓல்டேஜ் இறங்கி நின்னு நின்னு போச்சே! சாயங்காலத்துக்குள்ள அனுப்பலன்னா என் கட்டுரை இந்த வருஷம் அவ்ளோதான்."

நேற்று அவள் அழுத அழுகையைப் பெற்றவர் வாசலில் நின்று பார்த்தார். பார்த்து என்ன? ஆறுதலாக ஒரு வார்த்தை உண்டா?

திடீரென்று ஷோபா நாற்காலியிலிருந்து குதித்தாள்.

"அம்மா! முடிஞ்சுடுச்சு! ஒரு தபாகூட நிக்கல!"

அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். அம்சவேணிக்கு ரோடும் புரியவில்லை, வளைவும் புரியவில்லை. ஆனாலும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"கரண்டுகூட இன்னிக்கு அசையலம்மா. எல்லாம் ஏழுமலையான் புண்ணியம்!"

"அந்தப் பெருமாள் பாத்தாரு. உங்க நைனா எங்க பாத்தாரு?"

விடுவிடுவென்று வாசலுக்கு வந்தாள் அம்சவேணி.

"யோவ், உம்பொண்ணு ஜெயிச்சுட்டா! நீ சீட்டே ஆடிக்கினு கெட!"

அவ்வளவுதான். சீட்டுகளை அப்படியே மண்ணில் போட்டுவிட்டு மூன்று பேரும் கழனியைப் பார்த்து ஓட்டமெடுத்தார்கள். ரங்கையா மட்டும் பாதியில் நின்று திரும்பிக் கத்தினார்.

"நல்லாக் கேட்டுச் சொல்லு தங்கச்சி, நெசமாவே முடிஞ்சுடுச்சா? எல்லா மோட்டாரும் ஓடி ஓல்டேஜ் இறங்கிட்டா பொண்ணு மறுபடி அழும்னு, முனிகிருஷ்ணன் வீடு வீடாப் போய்ச் சொல்லி, ஊரே மோட்டாரு போடாம குந்திக்கினு கீது!"