போன் நம்பர் வேண்டாம்

“போன் நம்பர் வேண்டாம்மா” என்றார் மெத்தைக்காரர், மூன்றாவது முறையாக.

டிசைனர் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். கடைக்கு வெப்சைட் போட வந்தவர், கடையின் போன் நம்பரே அதில் இருக்கக் கூடாது என்கிறார். இவரை என்னவென்று சொல்வது?

“நம்பர் இல்லேன்னா ஜனங்க எப்படி சார் கூப்பிடுவாங்க?”

“கூப்பிட்டா தொந்தரவுதானே. கடையில பாதி நேரம் மெத்தையத் தூக்கி வைக்கிற வேலை. யாரு போய் போன எடுக்கிறது?”

பல் டாக்டர் வீட்டு மாடியில் ஒற்றை அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. அவளுடைய கம்பெனி அவ்வளவுதான். அந்த வட்டாரத்தில் வெப்சைட் போடுகிறவள் அவள் ஒருத்திதான் என்றாலும் கூட்டம் ஒன்றும் அலைமோதவில்லை. கீழே இருக்கும் பல் டாக்டர் தன் மூன்று கிளினிக்குகளுக்கும் வெப்சைட் போட நினைத்திருந்தார். இதுவரை செய்ததில் ஒன்றைக் காட்டு, பிடித்திருந்தால் வேலை உனக்குத்தான் என்று வெள்ளிக்கிழமை வரை கெடு கொடுத்திருந்தார்.

காட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. போன மாதம் செய்த முதல் வெப்சைட்டை அவள் பெற்ற தாய்க்குக்கூடக் காட்டவில்லை. அதுவும் ஒரு மெத்தைக் கடைக்குத்தான். முப்பது வயதுக்காரர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் எழுதியதையெல்லாம் அழிக்க வைத்தார். கடைசியில் முதுகைப் பிடித்துக்கொண்டு கதறும் ஓர் ஆளின் படத்தை முதல் பக்கத்தில் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டு, சந்தோஷமாக எழுந்து போனார். பகலெல்லாம் பஞ்சின் மேல் உட்கார்ந்தால் மூளையும் அமுங்கிவிடும் போலிருக்கிறது என்று அன்றைக்கு அவள் நினைத்துக்கொண்டாள்.

இப்போது வந்திருப்பவரைப் பார்த்ததும் அது உறுதியாகிவிட்டது.

இவர் ஐம்பதைத் தாண்டியவர், மீசை முழுக்க நரை. கடையின் பெயர் ‘சின்ன மாப்பிள்ளை மெத்தைக் கடை’. நரைத்த பிறகும் சின்ன மாப்பிள்ளையாகவே இருக்க ஒரு கொடுப்பினை வேண்டும் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. வெள்ளையில் கறுப்பு எழுத்து வைத்தால், சாம்பலில் சாம்பல் எழுத்தே போதும் என்றார். கடைக்கு வழி காட்டும் மேப்பைப் போட்டால், வழி தெரிந்தவர்கள் வந்தால் போதும் என்று எடுக்கச் சொன்னார். மெத்தைகளின் படம் கேட்டதற்கு, கடையின் பின்பக்கத்துச் சுவரைப் படம் பிடித்து வந்திருந்தார், அதுவும் கோணலாக. பக்கத்தைத் திறந்ததும் தடதடவென்று டிரம் சத்தம் கேட்க வேண்டுமாம்.

“தூங்கறதுக்கு மெத்தை தேடி வர்றவங்க சார் அவங்க.”

“அதான் சொல்றேன். முழிச்சுக்கிட்டுப் பார்க்கட்டும்.”

அவளுக்கு அழுகை வராத குறை. வெள்ளிக்கிழமை இதைக் கொண்டுபோய்க் காட்டினால் பல் டாக்டருக்கே பல் கூசும். சுவர் இருக்கட்டும், டிரம்மும் இருக்கட்டும், நம்பரை மட்டுமாவது போட விடுங்கள் என்று கெஞ்சினாள். இது என் பிழைப்பு, நாலு பேருக்குக் காட்ட எனக்கு ஒன்றாவது வேண்டும் என்றாள்.

அவள் கண் கலங்கியதைக் கண்டதும் மெத்தைக்காரருக்கு மனசு இளகிவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“உன்கிட்ட சொல்றதுக்கு என்னம்மா. இது என் கடையே இல்ல. என் சகலை கடை. எனக்கு எதிர்த்தாப்புல போட்டிருக்கான்.”

சாம்பல் எழுத்து, கோணல் சுவர், டிரம் சத்தம் எல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டன.

“அப்ப எதுக்கு சார் நீங்க வந்து செஞ்சு குடுக்கறீங்க?”

எல்லாம் மாமனாரின் ஏற்பாடு என்றார் மெத்தைக்காரர். மருமகன்கள் இருவரும் எலியும் பூனையுமாக இருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், ஆளுக்கு ஒரு வெப்சைட் மற்றவனுக்குச் செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

“எனக்கு அவன் போன மாசமே செஞ்சு குடுத்துட்டான். நான் இன்னும் பாக்கல, நமக்கு இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் ஆகாது. நல்லாத்தான் செஞ்சிருப்பான். பாவம், வெகுளிப் பய.”

“உங்க கடை பேரு என்ன சார்?”

“பெரிய மாப்பிள்ளை மெத்தைக் கடை.”

பெற்ற தாய்க்கும் காட்டாத அந்த முதல் வெப்சைட்டைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

முதுகைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் கதறிக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேல் ‘பெரிய மாப்பிள்ளை மெத்தைக் கடை’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. காலடியில், ‘வருவதற்கு முன் போன் செய்யவும்’. மெத்தைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையின் நாலு மூலையிலும் நம்பரைத் தேடினார். மேசைக்கு அடியில் குனிந்து பார்க்காததுதான் பாக்கி.

“வேண்டாம்னுட்டாரு சார்” என்றாள் அவள் மெல்ல.

கீழே யாருக்கோ பல்லைக் குடைகிற சத்தம் கேட்டது. மெத்தைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டே யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

“நீ சொன்னதுதாம்மா சரி. ரெண்டு கடைக்கும் பளிச்சுனு மாத்திடு. நல்ல படமா போடு, மேப் போடு, நம்பரும் போடு.”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமைக்கு ஒன்றுக்கு இரண்டாகவே காட்டலாம். பேனாவை எடுத்துக்கொண்டு, இரண்டு கடை நம்பரையும் சொல்லச் சொன்னாள்.

“ரெண்டு எதுக்கும்மா? ரெண்டுலயும் என் நம்பரையே போடு.”