தளர்ந்த கம்பி

வெள்ளைக்காரர்களின் கிளப்பில் பியானோவுக்குச் சுருதி கூட்ட வேதமுத்து சமையற்கட்டு வழியாகத்தான் வர வேண்டும். பாட்டு எதையும் வாசிக்கக் கூடாது. கட்டைகளைத் தட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அன்று மத்தியானம் வேலையை முடித்துக் கிளம்பும்போது, ஒரே ஒரு கம்பியை அவர் லேசாகத் தளர்த்திவிட்டதைப் பட்லரான நான் பார்த்தேன். பார்க்காததுபோல் கோப்பைகளைத் துடைத்தேன்.

சாயங்காலக் கச்சேரியில், கப்பலில் வந்திறங்கிய சீமாட்டி பாதியில் முகம் சுளித்து வாசிப்பை நிறுத்தினாள். "அந்த ஆளைக் கூட்டி வா" என்று செக்ரட்டரி துரை என்மேல் பாய்ந்தார். மனுஷன் வெளியே மரத்தடியில் தயாராக உட்கார்ந்திருந்தார். சமையற்கட்டுக் கதவை நான் அதற்குள் பூட்டியிருந்தேன். வேறு வழியில்லாமல் முன்வாசல் வழியே, நாற்காலிகளுக்கு நடுவே, வெறுங்காலோடு நடந்து வந்தார்.

கம்பியை முறுக்கினார். ஒரு கட்டையைத் தட்டினார், பிறகு பத்து, பிறகு இரண்டு கையாலும். தட்டிப் பார்ப்பது எங்கே முடிந்தது, வாசிப்பு எங்கே தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. சீமாட்டி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"முடிந்ததா?" என்றார் துரை, பல்லைக் கடித்துக்கொண்டு.

"இன்னும் சுருதி சேரலைங்க, துரை" என்றார் வேதமுத்து, கையை எடுக்காமல்.