கூரைக்கல்

மூன்றாவது தடவையும் என் தங்கை புருஷன் முருகையா அதையேதான் சொன்னான்.

மட்டக்களப்பில் புயலின் நடுவில் காற்று நின்றதாம். ஓர் இலைகூட ஆடவில்லையாம். அரைமணி நேரம் கழித்து எதிர்ப்பக்கமிருந்து திரும்ப அடித்ததாம். அதில்தான் என் தங்கை இராக்கம்மா போய்விட்டாளாம்.

மடக்கிப் பிடிக்கத்தான் மூன்று தடவை கேட்டேன்.

நமுனுகுல மலையில் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் பதினெட்டு வருடமாக மழை அளப்பவன் நான். விடிந்ததும் குழாயில் சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்து, ஆபீஸ் புத்தகத்தில் எழுதுகிறவன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கூரைத் தகரம் பறக்கும்; பறக்காமலிருக்க மேலே கல் வைப்போம். ஆனால் எந்தக் காற்றும் பாதியில் நின்று, திரும்பி வந்து அடித்ததில்லை.

பழைய வெள்ளைக்காரத் துரையும் அதைத்தான் சொல்வார். அவருடைய சீமையில் குளிர்காலப் புயல் இரண்டு மூன்று நாள் விடாமல் அடிக்குமாம். ஆனால் ஓய்ந்தால் ஓய்ந்ததுதானாம்.

அவன் சொல்லும் மழையும் நம்பும்படி இல்லை. மட்டக்களப்பில் ஒரே இரவில் கிணறு வழிந்து வாசலோடு ஒன்றாகிவிட்டது என்கிறான். அந்த இரவு என் குவளையில் இரண்டு அங்குலம்கூட இல்லை.

எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு, இங்கே இருக்கப் பயந்து, இராக்கம்மாவை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனவன் இவன். கார்த்திகைப் புயல் முடிந்து பதினாறாம் நாள் தனியாக வந்து உட்கார்ந்திருக்கிறான். குடிகாரன். ஒருமுறை அவள் கையை முறித்தவன். நூறு பேர் செத்த இடத்தில் நூற்றியோராவது பிணத்தை யார் விசாரிக்கப் போகிறார்கள்?

வெளியே காற்று தகரத்தைத் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. என் மனைவி கொடுத்த தேத்தண்ணியை அவன் தொடவே இல்லை.

ஒன்றை மட்டும் அவன் விழுங்குகிறான் என்று எனக்குத் தெரிந்தது. காற்று நின்றபோது ஊரே பயந்து உள்ளே கிடந்ததாம். இராக்கம்மா மட்டும் ஏன் வெளியே போனாள்? அதைக் கேட்டபோதெல்லாம் தரையைப் பார்த்தான்.

எழுந்து அவன் சட்டையைப் பிடித்தேன்.

"சொல்லுடா. இல்லாட்டி இப்பவே பதுளைப் பொலிசுக்குப் போவோம்."

"போவோம் மச்சான். இத மட்டும் கேக்காதீங்க."

சட்டையை இன்னும் இறுக்கினேன். அவன் அழுதுவிட்டான்.

"கூரையில ஏறுனா மச்சான். நான் கால புடிச்சு இழுத்தேன். 'காத்து ஓஞ்சா ஓஞ்சதுதான், அடுத்த மழைக்கு முந்தி ஏறிக் கல்ல வச்சிடணும், எங்கண்ணன் சொல்லியிருக்கு'ன்னு ஒதறிட்டு ஏறிட்டா."

என் கை தானாக விட்டது.

அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது தோளில் தூக்கி முதன்முதலாகக் கூரையேற்றியவன் நான். எந்தத் தகரத்தில் எத்தனை கல் என்று காட்டிக்கொடுத்ததும் நான். அவளுக்கு மட்டுமா? இந்த லயம் முழுவதற்கும் நான்தான் வாத்தியார்.

முருகையா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பதினாறு நாளாக அவன் தன் தலையில் வாங்கிக்கொண்டு வந்தது என் சொல்லுக்கான பழியை.

அப்போதுதான் கவனித்தேன். தகரத்தின் சத்தம் நின்றிருந்தது.

பக்கத்துக் காம்பராக் கூரையில் கல் உரசியது.

வெளியே ஓடினேன். அடுத்த வீட்டுச் செல்லாயி கூரை விளிம்பில் குந்தியிருந்தாள்.

"எறங்கு! கீழ எறங்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

மடியில் கல்லோடு அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"காத்துதான் ஓஞ்சிருச்சே அண்ணே."