மெழுகு போடாத தூள்

அரவை உருளையைத் திறந்ததும் தயாபரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுழலும் எஃகுக் குண்டுகளுக்கிடையில் செம்புத் துகள்கள் மோதும்போது அவற்றின் மேல்தோல் கிழிந்து, உள்ளிருக்கும் புது உலோகம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் ஒரு பிடி மெழுகுத்தூள் சேர்ப்பார்கள். இன்று அவன் மறந்துவிட்டான். மாவாக உதிர வேண்டிய செம்பு, தோலுரித்த சதைபோல உருளைச் சுவரெல்லாம் அப்பியிருந்தது.

உளியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது மாமனார் வந்து நின்றார். தயாபரனின் மனைவி வாசுகி இறந்து இன்னும் வருஷத் திதிகூட வரவில்லை. அதற்குள் அவள் தங்கை நளினியைக் கட்டிக்கொள்ளச் சொல்லி நடையாய் நடக்கிறார். அவன் கைக்குழந்தை அவர் வீட்டில்தான் வளர்கிறது.

"நளினிகிட்டக் கேட்டீங்களா மாமா?"

"அவளைக் கேக்கறதுக்கு என்னங்க மாப்ள இருக்குது? அக்கா ரவிக்கையெல்லாம் அவளுக்கு அளவெடுத்தாப்ல இருக்குதுங்க. நேத்துப் போட்டுப் பாத்தா." உருளைக்குள் எட்டிப்பார்த்துச் சிரித்தார். "எல்லாம் ஒரே செம்புதானுங்களே, ஒட்டாம என்ன பண்ணும்? நீங்க வெளிய பொண்ணெடுத்தா எடுத்துக்குங்க. பாப்பாவை நாங்களே வச்சுக்கறோம்."

தயாபரன் அவரை அருவருப்போடு பார்த்தான். ஆனால் அந்த ரவிக்கை கண்ணுக்குள் வந்து நின்றது. உடம்பு லேசாகச் சூடேறியது.

"என்னைக்கு நாள் பாத்திருக்கீங்க?"

கேட்டது தன் குரல்தான் என்று உறைத்ததும், ஓடிப்போய்க் கழிவுத் தொட்டியில் வாந்தியெடுத்தான். மாமனார் பின்னாலேயே வந்து, வாஞ்சையோடு முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கையை அவன் தட்டிவிடவில்லை.