இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு

வாக்கு எண்ணிக்கை முடிந்த மறுநாள் காலையிலேயே எம்.எல்.ஏ. மனு வாங்க உட்கார்ந்துவிட்டார்.

"நாலு தேர்தலா என் ஓட்டு உங்களுக்குத்தான் விழுது சார்" என்றாள் முதலில் வந்த பெண்.

"உங்க மாதிரி ஆளுங்களாலதான்மா இந்தத் தடவை இருநூத்துப் பன்னெண்டு ஓட்டுல கரையேறினேன். என்ன செய்யணும், சொல்லுங்க."

"ஒரு மழை பெஞ்சாப் போதும், எங்க இடத்துல தண்ணி நின்னுடுது. நிம்மதியாப் படுக்க முடியல. சுவர் வேற இடிஞ்சு கிடக்கு, நாயெல்லாம் உள்ள வருது."

"அவ்வளவுதானே? அடுத்த வாரமே ஆள் வரும்!" அவர் வாய் கூசாமல் சொன்னார்.

உதவியாளர் மனுவை வாங்கினார். அதை நீட்டிய அவள் விரலில் ஓட்டுப் போட்ட மை இல்லை. மனுவிலிருந்த பெயரைப் படித்தவர், நிமிர்ந்து அவளையே பார்த்தார். வாக்காளர் பட்டியலில் செத்தவர்களைத் தேடிச் சிவப்பு வட்டம் போட்டு, அவர்கள் பெயரில் ஓட்டுப் போட ஆள் அனுப்புவது நாலு தேர்தலாக அவர் வேலை. அவர் போட்ட முதல் வட்டமே இந்தப் பெயருக்குத்தான்.

"என்னய்யா முழிக்கிற? அடுத்த ஆளைக் கூப்பிடு."

"எல்லாரும் ஒண்ணாத்தான் வந்திருக்கோம் சார்" என்றாள் அவள். "வெளிய நிக்கிறாங்க. என்னோட சேத்து இருநூத்துப் பன்னெண்டு பேர்."